முதல் தண்டு

வெள்ளிக்கிழமை மதியம் காற்று திரும்பியது. பொழுது சாய்வதற்குள் ஏரியின் விரிகுடா முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஏழெட்டு மாதமாகக் கண்ணில் படாத ஆகாயத்தாமரை, ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளையைப் போல எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்து கரையோடு ஒட்டிக்கொண்டது. படகுக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் கத்தி தீட்டக் கல் தேடினார்கள்.

அடோயோ கரையில் நின்று பார்த்தாள். தண்டெல்லாம் அவள் முழங்கைக்கு மேல் நீளம் இருக்கும். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி வளர்ந்தால்தான் தண்டு இப்படி ஒல்லியாக உயரும். நாற்காலி பின்ன இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. அதைப் பார்த்ததும் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். அவளுக்கு இடுப்பு வலி வந்தது. மூத்தாளைக் கிளப்ப வேண்டுமே என்று நினைத்தவுடன் வருகிற வலி அது.

வெள்ளி சூரியன் விழுந்துவிட்டால் சனி சூரியன் விழும் வரை ஓய்வுநாள். இந்த ஏரிக்கரையில், கெண்டு பே பக்கம், பாதிப்பேர் சனிக்கிழமை சபைக்காரர்கள்தான், கத்தியைத் தொட மாட்டார்கள். ஆக ஞாயிறு விடியும்போதுதான் ஏரியில் இறங்க முடியும். அதற்குள் காற்று மறுபடி திரும்பிவிட்டால் இத்தனையும் எதிர்க்கரைக்குப் போய்விடும். ஆகாயத்தாமரைக்கு ஓய்வுநாள் கிடையாது.

விடிந்ததும் மற்றப் பெண்கள் நேரே தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். அடோயோ இறங்க முடியாது. அவள் முதலில் மூத்தாள் யூனியாவை எழுப்ப வேண்டும். யூனியா குளிக்க வேண்டும், தலைத்துணி கட்ட வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும், குடித்த தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு அவளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார்த்தி, கல்லும் குழியுமான பாதையில் கரை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவள் ஒரே ஒரு தண்டை அறுத்துக் கொடுத்த பிறகுதான் அடோயோ தன் கத்தியை எடுக்கலாம். அதற்குள் கரையோரத்து நல்ல தண்டெல்லாம் போயிருக்கும். நான்கு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. இதற்காக வேறு யாரையும் திட்டிக்கொள்ளவும் அவளால் முடியாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் அவளேதான்.

களை எடுக்கிற காலத்தில் பிறந்ததால் அடோயோ என்று பெயர் வைத்தார்கள். பதினெட்டு வயதில் ஒபாரா என்ற மீனவனுக்கு இரண்டாம் தாரமாக வந்தாள். வளவு வாசலுக்கு நேர் எதிரே மூத்த தாரம் யூனியாவின் வீடு. ஒரு பக்கமாகத் தள்ளி அடோயோவின் வீடு. மூத்தாளுக்கு மிகாயி என்று பட்டமே உண்டு, வெறும் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். விதைப்பு என்றால் மிகாயியின் கை விதை முதலில் மண்ணில் விழ வேண்டும். அறுவடை என்றால் அவள் முதல் கதிரை ஒடிக்க வேண்டும். அவளை முந்திக்கொண்டு இளையாள் கை வைத்தால் சிரா என்கிற சாபம் பிடிக்கும். அந்த வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாமல் உடம்பு உருகும், உருகி உருகி ஒரு நாள் உயிர் போய்விடும். சபையில் போதகர் இதையெல்லாம் நம்பாதீர்கள் என்பார். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து மூத்தாள் எப்போது விதைக்கப் போகிறாள் என்று விசாரிப்பார்கள்.

மழை விழுந்த முதல் வாரத்தில் அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் மக்காச்சோளம் முளைவிட்டிருக்கும். அடோயோ மண்வெட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருப்பாள். யூனியாவுக்கு அன்றைக்குத் தலைவலியாக இருக்கும். மறுநாள் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அவள் கெட்டவள் என்று சொல்ல முடியாது. அடோயோவின் இரண்டு பிரசவத்துக்கும் வெந்நீர் வைத்தவள் அவள்தான். ஆனால் தன்னை ஒருத்தி காத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. புருஷன் பாதி போன பிறகு அவளுக்கென்று முழுசாக மிஞ்சியது அந்த ஒன்றுதான். அடோயோவுக்கு இது வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. விளங்கியதால் கால் வலி குறைந்துவிடவில்லை.

ஒபாரா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பின்னாலேயே ஆகாயத்தாமரை வந்தது. படகு நகரவில்லை, வலை கிழிந்தது, மீன் வாங்கி விற்ற பெண்களெல்லாம் வெறும் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் கிசுமு பட்டணத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, இந்தச் சனியனைக் காயவைத்துக் கயிறாக்கலாம், நாற்காலி பின்னலாம், இலையையும் வேரையும் குழியில் போட்டால் எரு என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். நம்பிப் போனவர்கள் ஏழு பேர். அகேயோ தலைவி. அடோயோ கடைசியாகச் சேர்ந்தவள்.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுக்க வேண்டும். அடியில் பாம்பு இருக்கும், அட்டை இருக்கும், நேரம் சரியில்லை என்றால் நீர்யானையும் இருக்கும். ஈரச் சுமை எருமைக் கனம் கனக்கும். வேரையும் இலையையும் கழித்து, தண்டைக் கழுவி, மணலில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயப்போட வேண்டும். ஒரு தூறல் விழுந்தால் பூசணம் பிடித்துவிடும். காய்ந்ததை உருளையில் கொடுத்து நசுக்கி, மூன்று மூன்றாகச் சடை பின்னி, அந்தச் சடையை மரச் சட்டத்தில் சுற்றி இறுக்க வேண்டும். தோலெல்லாம் அரிக்கும். விரல் நுனி தடித்துப்போய், உகாலிக் களி எவ்வளவு சூடு என்பதே கைக்குத் தெரியாமல் போகும்.

யூனியா அதைப் பார்த்துச் சிரித்தாள். ஏரி வாந்தி எடுத்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். குப்பைக்கு மூத்தாள் இளையாள் உண்டா? அடோயோ நினைத்த நேரத்துக்கு ஏரிக்குப் போனாள், நினைத்த இடத்தில் அறுத்தாள். யாரையும் எதிர்பார்த்து வரப்பில் நிற்கவில்லை. அந்த இரண்டு வருஷம் அவள் எத்தனை சந்தோஷமாக இருந்தாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியவே இல்லை. முதுகு வலிக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

பிறகு கொழுந்தன் ஒகோலா வந்தான். கரையில் அவள் தண்டு காயப்போடும் மணல் திட்டு குடும்பத்துச் சொத்து, அதில் குப்பையைப் பரப்பி நாசம் பண்ணுகிறாள், எனக்குப் படகு பழுதுபார்க்க அது வேண்டும் என்று குலப் பெரியவர்களைக் கூட்டினான். நான்கு பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒகோலா நன்றாகப் பேசினான். குப்பை, குப்பை என்று பேச்சுக்குப் பேச்சு சொன்னான். பெரியவர்களும் தலையாட்ட ஆரம்பித்தார்கள். அடோயோ பொறுக்க முடியாமல் எழுந்து நின்றாள்.

"இது குப்பை இல்ல. இது என் பயிரு. உங்களுக்குச் சோளம் மாதிரி எனக்கு இது. நான் அறுவடை பண்றேன், காயவெக்கிறேன், விக்கிறேன். பயிரு காயவெக்கிற களத்த எடுத்துக்கிட்டா பொம்பள எங்க போவா?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். களத்தைப் பறிப்பது பாவம் என்று எல்லாருக்கும் தெரியும். மணல் திட்டு அடோயோவுக்கே என்று தீர்ப்பு ஆயிற்று. ஒகோலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தான். அப்போது பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த யூனியா, யாரிடமோ மணி கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"பயிருன்னா, இந்த வீட்ல மொதல்ல யாரு அறுக்கணும்?"

ஒகோலா சிரித்த சிரிப்பு இப்போதும் அடோயோவின் காதில் இருக்கிறது. பெரியவர்களுக்கும் வேறு வழியில்லை. அவளே எல்லார் முன்னாலும் பயிர் என்று சொல்லிவிட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை மூத்தாள் அறுத்தால் போதாதா என்று ஒருவர் இரக்கப்பட்டுப் பார்த்தார். சோளத்துக்குப் பருவம் உண்டு, இதற்கு ஏது பருவம், ஒவ்வொரு தடவை காற்று கொண்டுவரும்போதும் அது புதுப் பயிர்தானே என்றாள் யூனியா. அதையும் மறுக்க முடியவில்லை. வாயால் அனுமதி கொடுத்தால் போதுமா என்று அடோயோ கேட்டாள். வாய் போதாது, கை பட வேண்டும் என்றார்கள். விதைப்பிலும் அப்படித்தானே.

அப்படியாக யூனியா ஏரிக்கு வர ஆரம்பித்தாள். அப்போதே அவளுக்கு முழங்கால் வீங்கி நடை போய்விட்டது. முதல் தடவை தள்ளுவண்டியில் வந்து இறங்கியபோது கரையே வேடிக்கை பார்த்தது. மணமேடைக்கு வருகிற மாதிரி மஞ்சள் தலைத்துணி கட்டிக்கொண்டிருந்தாள். அடோயோ ஒரு செடியை அவள் பக்கமாக ஒதுக்கிக் கொடுக்க, குனிந்து ஒரு தண்டை அறுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "குட்டையாத்தான் இருக்கு" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் அவளை மிகாயி என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவள் பெற்ற மகன் மொம்பாசாவில் இருக்கிறான், திரும்பிப் பார்ப்பதில்லை. மகளும் போய்விட்டாள். அவளை யாராவது நிமிர்ந்து பார்ப்பது காற்று அந்தப் பச்சையைக் கொண்டுவருகிற நாட்களில்தான். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள் கிடந்தாள். சாப்பாடு அடோயோ கொண்டு வைப்பது.

மறுநாள் சனிக்கிழமை சபைக்கு யூனியா வரவில்லை. கால் என்றாள். அடோயோ மட்டும் போய் உட்கார்ந்தாள். சபையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். பாட்டு பாடும்போதும் ஜெபம் பண்ணும்போதும் ஏழு பெண்களும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை நகரவில்லை. மூன்று இடத்திலிருந்து வந்த நாற்காலி ஆர்டர்கள் சரக்கு இல்லாமல் மாதக்கணக்காய் நிற்கின்றன. இந்தத் தடவை விட்டால் வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக்குக்குப் போய்விடுவார்கள் என்று அகேயோ ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு இந்த ஏழு பேர் கூட்டமும் இராது, நாற்காலியும் இராது. அடோயோ மறுபடி மீன்கூடையோடு கரையில் உட்கார வேண்டும், இந்த வயதில்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே எழுந்து தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு மூத்தாள் வீட்டுக்குப் போனாள். யூனியா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, எந்திரிங்க. காத்து திரும்புற மாதிரி இருக்கு."

யூனியா அசையவில்லை. வரவில்லை என்றாள். உடம்புக்கு என்ன என்று அடோயோ கேட்டாள். ஒன்றுமில்லை, வரவில்லை. வண்டியில்தானே, நடக்க வேண்டாமே. வரவில்லை. அடோயோ நின்று பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் வரப்பில் நின்றது, தலைவலி என்றது, தங்கை வீடு என்றது எல்லாம் நெஞ்சுக்குள் திரண்டு வந்தது. இன்றைக்குத்தான் இவளுக்கு வரமுடியாமல் போக வேண்டுமா. கையோடு கொண்டுவந்திருந்த கத்தியை மூலையில் வீசினாள்.

"வேணும்னே பண்றீங்க. நான் வந்த நாள்லேருந்து இதத்தான் பண்றீங்க. எனக்கு முதுகு ஒடஞ்சுபோச்சு. உங்களத் தள்ளித் தள்ளி என் கை பாருங்க, கொப்புளத்து மேல கொப்புளம். மத்தவ எல்லாம் நீளத் தண்டா அறுத்துட்டுப் போனப்புறம் நான் மிச்சம் பொறுக்குறேன். எனக்கு அலுத்துப்போச்சுக்கா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயி அறுக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. யூனியா எழுந்து உட்கார்ந்தாள். தேநீருக்குக் கை நீட்டினாள். தேநீர்க் குவளை வழக்கமான முக்காலியில் இல்லை, கோபத்தில் அடோயோ அதைக் கட்டில் ஓரத்திலேயே வைத்திருந்தாள். யூனியாவின் கை முக்காலியின் மேல் போய்த் தடவியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. குவளை அவள் தொடைக்கு அருகில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அடோயோ மெதுவாக அருகில் போய் அவள் முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் அசைத்தாள்.

"கைய ஆட்டாத. காத்து வருது," என்றாள் யூனியா.

எத்தனை நாளாக என்று அடோயோ கேட்டாள். போன தடவை தாமரை வந்தபோது நிழல் தெரிந்தது என்றாள் யூனியா, மழைக்குப் பிறகு அதுவும் இல்லை. அடோயோவுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. போன தடவை அவள் தண்டை விட்டு இலையை அறுத்தாள். அதையும் குட்டை என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், அடோயோவும் சிரித்தாள். அறுத்தது இலை என்பதே யூனியாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து அதே முக்காலியில் வைத்துவிட்டுப் போகிறாள் அடோயோ. சாப்பிடுங்க என்பாள், பாத்திரம் கொடுங்க என்பாள். இவள் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை காலம் ஆயிற்றோ.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே, கிசுமுவில் கண்ணுக்குப் பார்க்கிறார்களே என்றாள். போனால் ஊருக்குத் தெரியும் என்றாள் யூனியா.

"அத்தன பேரு கரையில நிப்பாளுங்க. நான் தண்ணிய வெட்டிக்கிட்டு நிக்கணுமா? இப்ப மிகாயின்னு எந்திரிச்சு நிக்கிறாளுங்க. கண்ணு இல்லேன்னு தெரிஞ்சா ஐயோ பாவம்பாளுங்க. எனக்கு அது வேணாம்டி. நீ போ. நீயே மொதல்ல அறு. நான் உசுரோட இருக்கும்போதே சொல்றேன்."

பதினெட்டு வயதிலிருந்து அடோயோ காத்திருந்த வார்த்தை. இதைக் கேட்டால் துள்ளிக்கொண்டு ஓடுவேன் என்று நினைத்திருந்தாள். இப்போது காதில் விழுந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட வேண்டும்போல இருந்தது. வாய் போதாது, கை பட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஒரு செடியைப் பிடுங்கி இங்கேயே கொண்டுவந்து இவள் கையில் கொடுக்கலாமா என்று யோசித்தாள். பிடுங்குவதே அறுப்புத்தானே, அதை முதலில் செய்வது தன் கைதானே. அகேயோவைப் பிடுங்கித் தரச் சொன்னால் அது அகேயோ வீட்டு அறுவடை. எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கொண்டது. வெளியே வாழை இலைகள் சலசலக்க ஆரம்பித்தன. காற்று வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் மூலையில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டாள்.

கரைக்குப் போனபோது பெண்கள் தொடையளவு தண்ணீரில் நின்றார்கள். அகேயோ நிமிர்ந்து பார்த்தாள். அகேயோவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"மிகாயி எங்க? வண்டியக் காணோம்?"

எனக்கு விட்டுக்கொடுத்துட்டாங்க என்று சொல்லத்தான் அடோயோ வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள். அதைச் சொன்னால் மதியத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். மிகாயி ஏன் விட்டுக்கொடுத்தாள் என்று கேட்பார்கள். என்ன ஏது என்று பார்க்க ஒரு கை சர்க்கரையோடு நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள். யூனியாவின் கை முக்காலியில் தடவுவதைப் பார்ப்பார்கள். ஐயோ பாவம் என்பார்கள்.

"அக்கா இருட்டோடயே வந்து அறுத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் அடோயோ.

அகேயோ மணலைப் பார்த்தாள். இரவு தூறிய மணல், ஒரு சக்கரத் தடம் கிடையாது. பிறகு தண்ணீரைப் பார்த்தாள். அடோயோ வழக்கமாக இறங்கும் இடத்தில் பச்சை ஒரு கீறல் இல்லாமல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அகேயோ மூக்கைச் சிந்திவிட்டு, "ஆமா, வண்டிச் சத்தம் கேட்டுது" என்று சொல்லிக் குனிந்துகொண்டாள். இரக்கத்தில் சொன்னாளா, காற்று திரும்புகிற நேரத்தில் வம்பு பேச நேரமில்லை என்று சொன்னாளா, தெரியாது. மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள்.

அடோயோ தண்ணீரில் இறங்கினாள். நைரோபியில் சாரத்தின் மேல் நின்று கட்டட வேலை செய்கிற இரண்டு பையன்களையும் நினைத்துக்கொண்டாள். எந்தச் சிராவாக இருந்தாலும் எனக்கு வரட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஏரியிடம் சொன்னாளா ஆண்டவரிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கொத்தைச் சேர்த்துப் பிடித்து அறுத்தாள். கறக் என்று சத்தம் வந்தது. யாரும் தொடாத பச்சை அவளுக்கு முன்னால் எட்டுகிற தூரம் வரை நின்றது. ஒரு கணம் மூச்சு நின்றுபோன மாதிரி சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் சந்தோஷப்பட நேரம் இல்லை.

அறுத்தாள், கட்டினாள், இழுத்தாள், கரையில் தள்ளிவிட்டு மறுபடி இறங்கினாள். சாப்பிடவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது பச்சை மெல்ல விலகத் தொடங்கியது. ஏழு பேரும் கழுத்தளவு தண்ணீர் வரை துரத்திக்கொண்டு போய் அறுத்தார்கள். மூன்று மணி வாக்கில் அது கை எட்டாத தூரத்துக்குப் போய், தன் பாட்டுக்கு எதிர்க்கரைப் பக்கம் மிதந்தது. மணல் திட்டில் அடோயோவின் குவியல் அவள் தோள் உயரத்துக்கு இருந்தது. வேரைக் கழித்து, பாதியைக் கழுவிப் பரப்புவதற்குள் அவளுக்கு விரல்களை மடக்க முடியவில்லை. மிச்சத்தை நாளைக்கு என்று விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். காய்வதற்குள் மழை வந்தால் இத்தனையும் எருக்குழிக்குத்தான். அந்தக் கவலையும் கூடவே நடந்து வந்தது.

உகாலி கிண்டி, ஓமெனா மீனைத் தக்காளி போட்டு வதக்கி, பொழுது விழும் நேரத்தில் மூத்தாள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். இந்தத் தடவை முக்காலியை இழுத்துப் போட்டு, யூனியாவின் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தாள். யூனியா கையை உதறிக்கொண்டாள். தட்டு இருக்கிற இடம் எனக்குத் தெரியும் என்றாள். ஆனால் சாப்பிடவில்லை. கேட்க வேண்டிய ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல யாரு அறுத்தது?" என்றாள் கடைசியில்.

"நீங்கதான்."

யூனியாவின் முகம் அடோயோ இருக்கும் பக்கம் திரும்பியது. கொஞ்சம் தள்ளித்தான் திரும்பியது.

"இருட்டோட வந்தீங்க. அறுத்தீங்க. போயிட்டீங்க. அகேயோ வண்டிச் சத்தம் கேட்டாளாம்."

யூனியா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு உகாலியைப் பிய்த்து உருட்டினாள். தின்ன ஆரம்பித்தாள். நான் எந்தத் தலைத்துணி கட்டியிருந்தேன் என்று கேட்டாள். அதை யாரும் கேட்கவில்லை என்றாள் அடோயோ. கேட்டால் சொல்ல வேண்டுமே, கிழிந்ததைச் சொல்லிவிடாதே என்றாள் யூனியா.

அடோயோ வாசற்படியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். உடம்பில் வலிக்காத இடம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு மூத்தாளுக்குக் காத்திராமல் அவள் இறங்கினாள். இந்த வீட்டில் அவள் கத்திதான் முதலில் பட்டது. அந்தக் கறக் சத்தத்தை, எதிரே நின்ற அத்தனை பச்சையை, மூச்சு நின்ற அந்தக் கணத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அகேயோவிடம் சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் சொன்னால் பயந்துபோவார்கள். இனி எந்தக் காலத்திலும் ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. உள்ளே யூனியா தட்டை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த தடவையும் நான் இருட்டோடயே வந்துடறேன், அடோயோ," என்றாள்.

"வாங்கக்கா," என்றாள் அடோயோ. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. யூனியாவுக்கு அது தெரியப்போவதில்லை என்பதால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.